விழுப்புண்ணிலிருந்து விளையாட்டுக் காயம் வரை: கால்பந்தாட்டத்தில் பயிற்சியும் காயத் தடுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் பயிற்சியும் உடற்தகுதி உருவாக்கமும் காயங்களைக் குறைக்கின்றனவா என்னும் வினாவை மருத்துவ ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளாக அளந்து பார்த்து வருகின்றன. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. பயிற்றுவிப்பும் காயம் ஆற்றுதலும் ஒரே ஆசானின் கையில் இருந்த தமிழ் மரபு, படைப்பிரிவும் காவல்துறையும் ஆட்டக்காரரின் உடலை உருவாக்கிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, புள்ளிவிவரங்களின் துணையோடு இயங்கும் இன்றைய கழகங்கள் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கிறது. பயிற்சிக்குக் காக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அவ்வாற்றல் பயிற்சியை இடையறாது அளிக்கும் ஓர் அமைப்பைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஆட்டக்களம் இவ்வாதத்தின் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்தாட்டம், விளையாட்டுக் காயம், உடற்தகுதி, விழுப்புண், ஆதுலசாலை, உத்திரமேரூர்.

முன்னுரை

தமிழில் 'காயம்' என்னும் சொல் உடலையும் குறிக்கும். உடலில் பட்ட புண்ணையும் குறிக்கும். ஒலி ஒன்று, பொருள் இரண்டு. விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டு பொருளையும் ஒருசேரக் கருத வேண்டியுள்ளது. எவ்வாறு உருவாக்கப்பட்ட உடலில் எவ்வகைப் புண் ஏற்பட்டது என்று கேட்காதவரை, காயம் பற்றிய வரலாறு வெறும் விபத்துகளின் தொகுப்பாகவே நின்றுவிடும்.

சங்க இலக்கியம் புண்ணுக்கு ஒரு மதிப்பீட்டை வகுத்திருந்தது. மார்பில் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் புறப்புண் நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூறு 65, 66ஆம் பாடல்கள் பேசுகின்றன. புண் எங்கே பட்டது என்பதே அங்கு வினா. ஏன் பட்டது, தவிர்த்திருக்கலாமா என்பது வினாவாகவே எழவில்லை. போர்க்களத்திற்கு அது பொருந்தும். ஆயின் அதே நூலில் 80 முதலான பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடுகின்றன. அது மற்போர், பார்ப்பதற்கு மக்கள் கூடிய, வெற்றி தோல்வி அறிவிக்கப்பட்ட ஆட்டம். அங்கும் புலவரின் கண் வெற்றியின் மீதே நிலைக்கிறது. வீழ்ந்த மல்லனின் உடலுக்கு என்ன ஆயிற்று என்று வினவுவதற்கு நமக்கு இடமில்லை.

இம்மனப்பான்மை பழைய நூல்களோடு முடிந்துவிடவில்லை. காயத்தோடு ஆடியவரைப் போற்றுவதும் காயத்தால் விலகியவரை ஐயுறுவதும் இருபதாம் நூற்றாண்டுக் கால்பந்தாட்ட எழுத்துகளிலும் தொடர்ந்தன. பயிற்சிக்கும் காயத்திற்கும் உள்ள தொடர்பு நெடுங்காலம் ஆராயப்படாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

ஆற்றுதலும் காத்தலும்

உத்திரமேரூருக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையின் மாணவர்க்கும் பணியாளர்க்கும் அமைக்கப்பட்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளும் தைலங்களும் என அதன் பட்டியல் நீள்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே இவ்வட்டாரத்தில் அடிபட்ட உடலுக்கென ஊதியம் பெறும் பணியாளர் இருந்தனர் என்பது இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி. ஆயின் அது ஆற்றும் நிறுவனம். புண் வருமுன் காக்கும் நிறுவனம் அன்று.

காத்தலைத் தேட வேண்டிய இடம் மருத்துவச்சாலைக்கு வெளியே உள்ளது. சிலம்பம், அடிமுறை, வர்மம் ஆகியவற்றைக் கற்பித்த ஆசான் மாணவனின் உடலைப் படிப்படியாகப் பதப்படுத்தினார். எண்ணெய் தேய்த்துத் தடவினார். அடிபட்டபோது கட்டுப்போட்டவரும் அவரே. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்மாரிடம் இவ்விரட்டைப் பொறுப்பு இன்றும் காணக்கிடைக்கிறது. அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அடியை ஆற்றவும் வேண்டியிருந்ததால், எவ்வளவு பயிற்சி தாங்கும் என்னும் அளவு அவர் கையிலேயே இருந்தது. அளவு தவறினால் அதன் விளைவு அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேரும். இம்மரபை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை; அதன் மருத்துவக் கூற்றுகள் பல இன்னும் சோதிக்கப்பட வேண்டியவை. எனினும் பயிற்றுநரும் மருத்துவரும் ஒருவரே என்ற அமைப்பு வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. நவீன விளையாட்டு முதலில் செய்தது இவ்விருவரையும் பிரித்ததுதான்.

ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியளித்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு பக் பயிற்றுநராகச் சென்றார். 'டிரில் மாஸ்டர்' என்று நம் ஊர்களில் அழைக்கப்பட்ட ஆசிரியர் மரபின் ஊற்று இத்தகைய நிறுவனங்களே. அணிவகுப்பும் சீரான உடற்பயிற்சியும் அவர்கள் வழி சிற்றூருக்கு வந்தன. அடிபட்ட மாணவனை மட்டும் அவர்கள் வேறொருவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது. வடதமிழக ஊர்களில் அந்த வேறொருவர் பெரும்பாலும் 'புத்தூர் கட்டு' போடுபவராக இருந்தார்.

பாசறையில் உருவான உடல்

இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் எனப்படும் 1948–1962 காலப்பகுதியைப் பயிற்சியின் கண்கொண்டு பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. அன்றைய சிறந்த அணிகளுள் பல சீருடைப் பணிகளைச் சேர்ந்தவை. சையது அப்துல் ரஹீம் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. வெலிங்டனை இருப்பிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வணியில் ஆடிய பீட்டர் தங்கராஜ் பின்னர் நாட்டின் முதன்மைக் கோல்காப்பாளராக உயர்ந்தார். இவர்கள் ஆட்டக்காரராகப் புகழ்பெறும் முன்பே சிப்பாயின் அல்லது காவலரின் உடலைப் பெற்றிருந்தனர். விடியற்கால ஓட்டம், நேரம் தவறாத உணவு, ஆண்டு முழுவதும் குறையாத உழைப்பு ஆகியவற்றைப் பாசறை வழங்கியது. கழகங்கள் அதை அன்று வழங்கும் நிலையில் இல்லை.

மறுபுறம், ஆட்டமுறையே காயத்திற்கு வழிவகுத்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். இந்தியாவின் ஒரே கோலைச் சாரங்கபாணி ராமன் அடித்தார். ஆட்டம் 2–1 என பிரான்சுக்குச் சென்றது. 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10–1 என வென்றபின் பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வெறுங்கால் ஆட்டம் நாட்டுப்பற்றின் அடையாளமாகப் பேசப்படுவதை நாம் அறிவோம். காய வரலாற்றில் இம்மாற்றத்தின் பொருள் வேறு. வெறுங்காலில் ஆடுபவரின் விரலும் புறங்காலும் எதிராளியின் பூட்ஸுக்கு இரையாயின. பூட்ஸ் அணிந்தபின் குமிழ்கள் காலைத் தரையோடு பிணைத்தன. உடல் திரும்பும்போது கால் திரும்பாமல் நின்றால் முறுக்கு முழங்காலுக்கு ஏறுகிறது. காயம் ஒழியவில்லை, பாதத்திலிருந்து முழங்காலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம். புதிய காலணிக்கு உடலைப் பழக்கும் பயிற்சி தனியே தேவைப்பட்டது.

ரஹீம் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர். பந்தை நெடுநேரம் காலில் வைத்துக்கொண்டு எதிராளியின் மோதலை வரவழைக்கும் ஆட்டத்தை அவர் குறைத்தார். ஒரே தொடுகையில் பந்தைக் கடத்தவும், வலுக்குறைந்த காலையும் பழக்கவும் வற்புறுத்தினார். அவர் இதனைக் காயத் தடுப்பு என்று பெயரிட்டுச் செய்யவில்லை. எனினும் மோதலைக் குறைக்கும் ஆட்டமும், இரு கால்களுக்கும் சுமையைப் பகிரும் பழக்கமும் அந்நோக்கிலும் பயன்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி இப்பகுதியின் உச்சம். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. அரையிறுதியிலும் இறுதியாட்டத்திலும் அவர் நடுமுன்னணி ஆட்டக்காரராக இறக்கப்பட்டார். செப்டம்பர் 4 அன்று தென்கொரியாவை இந்தியா 2–1 என வென்றபோது இரண்டாம் கோல் அவருடையது. உடல்நலம் குன்றியிருந்த தங்கராஜ் அவ்வாட்டத்தில் கோல் காத்தார். புற்றுநோயோடு இருந்த ரஹீம் மறு ஆண்டே மறைந்தார். இந்நிகழ்ச்சி நம் விளையாட்டு நூல்களில் விழுப்புண் மரபிலேயே சொல்லப்பட்டு வருகிறது. வென்றவரின் துணிவை மறுப்பார் யாருமில்லை. ஆயினும் ஆய்வாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர் முறை உலகக் கோப்பைக்கே 1970இல்தான் வந்தது. களத்தில் அடிபட்டவர் முன்னணிக்கோ ஓரத்திற்கோ நகர்த்தப்படுவது அக்கால வழக்கம். வீரம் என்று நாம் வாசிப்பதில் ஒரு பகுதி விதிமுறையின் நெருக்கடி. தலைக்காயம் பட்டவர் உடனே களம் நீங்க வேண்டும் என்னும் இன்றைய நெறியின்படி அத்தகைய முடிவுகளை எடுக்கவே இயலாது.

அளவைகளின் காலம்

தலையில் பட்ட வெட்டை எந்தப் பயிற்சியும் தடுத்திருக்காது. இவ்விடத்தில் மோதலால் வரும் காயத்தையும், மோதலின்றி ஓட்டத்திலோ திரும்பலிலோ வரும் காயத்தையும் பிரித்தறிவது தேவை. 2004 டிசம்பர் 5இல் பெங்களூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த வேளையில் மோதி வீழ்ந்து உயிரிழந்தார். அது களத்தோர மருத்துவ ஆயத்தம் பற்றிய வினா. பயிற்சி பற்றிய வினா தொடைப் பின்தசையையும் (ஆட்டக்காரர் மொழியில் 'ஹாம்ஸ்ட்ரிங்'), முழங்காலின் ஏ.சி.எல். தசைநாரையும், கணுக்காலையும், இடுப்புச்சந்துத் தசைகளையும் சார்ந்தது.

இவ்வினாவை முதலில் முறையாகச் சோதித்தவர்களுள் சுவீடனின் யான் எக்ஸ்ட்ராண்டும் அவர்தம் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1983இல் வெளியான அவர்களது ஆய்வில் 12 அணிகளின் 180 ஆட்டக்காரர்கள் பங்கேற்றனர். பாதி அணிகளில் முறையான சூடேற்றும் பயிற்சி, காலணியிலும் காப்பணியிலும் கவனம், கணுக்காலுக்குப் பட்டை, மருத்துவர் கண்காணிப்பில் களம் திரும்புதல் ஆகியவை ஒன்றாக நடைமுறைப்படுத்தப்பட்டன. அவ்வணிகளில் காயங்கள் 75 விழுக்காடு குறைந்தன. மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் பயிற்சித் திடலுக்கே வந்து நின்றனர் என்பதைத் தமிழ் ஆய்வாளர் ஊன்றி நோக்கலாம். பிரிந்துபோன ஆசானின் இரு கைகளும் அங்கே மீண்டும் இணைந்தன.

பின்னர் வந்த ஆய்வுகள் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே அளந்தன. டென்மார்க்கில் 50 அணிகளின் 942 ஆட்டக்காரரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு 'நார்டிக்' எனப்படும் ஒரே பயிற்சியைச் சோதித்தது. மண்டியிட்டு நிற்பவரின் கணுக்கால்களைத் துணைவர் பிடித்துக்கொள்ள, அவர் உடலை மெல்ல முன்னே சாய்ப்பார். கருவி எதுவும் வேண்டா. அப்பயிற்சி செய்த அணிகளில் தொடைப் பின்தசைக் காயங்கள் 15. செய்யாத அணிகளில் 52. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வு, '11 பிளஸ்' என்னும் இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பு ஒட்டுமொத்தக் காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. பெண் ஆட்டக்காரர்க்கு ஏ.சி.எல். காயம் ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி. 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதன்முறையாகத் தேசிய வாகையர் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பெண்கள் கால்பந்தாட்டம் இவ்வாறு வளரும் மாநிலத்தில் நார்வே ஆய்வு ஏட்டுச் செய்தியாகவே நின்றுவிடலாகாது.

ஆகவே பயிற்சி காயத்தைக் குறைக்கும் என்று முடித்துவிடலாமா? இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, பயிற்சியே மிகுந்தாலும் திடீரென ஏறினாலும் காயம் வரும். 2010இல் வெளியான டூபோன் குழுவினரின் ஆய்வில், வாரம் ஒரு போட்டி ஆடியபோது 1000 மணி நேரத்திற்கு 4.1 ஆக இருந்த காயம், இரண்டு போட்டி ஆடியபோது 25.6 ஆக உயர்ந்தது. வியப்பு என்னவெனில், ஓடிய தொலைவு முதலிய திறன் அளவைகள் குறையவில்லை. அதாவது பயிற்றுநரின் கண்ணுக்கு ஆட்டக்காரர் நலமாகவே தோன்றுவார். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கின் முதற் பருவம் அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரையே நடந்தது; ஒவ்வோர் அணியும் லீக் சுற்றின் 14 ஆட்டங்களை இரண்டு மாதங்களில் ஆடி முடித்தது. 2015இல் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றதும் இத்தகைய சுருக்கப் பருவத்தில்தான். டிம் காபெட் 2016இல் முன்வைத்த கருத்து இங்கே துணைசெய்கிறது. நீண்டகாலமாக உயர்ந்த சுமைக்குப் பழகிய உடல் காக்கப்படுகிறது. பழகாத உடலில் சுமை திடீரென ஏறும்போதே ஆபத்து. அவர் வகுத்த விகிதக் கணக்கைப் புள்ளியியலாளர் பலர் பின்னர் மறுத்துள்ளனர். கணக்கு தளர்ந்தாலும், படிப்படியாக ஏற்றுதல் என்னும் அடிப்படை நிற்கிறது. அதை எந்தச் சிலம்ப ஆசானும் அறிந்திருப்பார்.

இரண்டாவது தடை சமூகவியல் சார்ந்தது. ஐரோப்பாவின் உயர்நிலைக் கழகங்களில் 2001 முதல் நடந்துவரும் தொடராய்வின்படி, மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசைக் காயத்தின் பங்கு 2001–02இல் 12 விழுக்காடு. 2021–22இல் 24 விழுக்காடு. அறிவும் பணமும் பெருகிய இருபதாண்டுகளில் அது இரட்டிப்பாயிற்று. ஆட்டத்தின் வேகமும் போட்டிகளின் நெருக்கமும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, முன்சொன்ன நார்டிக் பயிற்சியைக் கழகங்கள் உண்மையில் செய்கின்றனவா என்று 50 கழகங்களின் மூன்று பருவங்களைக் கேட்டறிந்தது. 83 விழுக்காட்டில் அது கைக்கொள்ளப்படவில்லை. பயிற்சி பயன் தரவில்லை என்று சொல்வதற்கு முன், பயிற்சி நடந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உத்திரமேரூர்ப் பக்கம்

பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் உத்திரமேரூர் அறியப்படுகிறது. அக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள் ஒன்று ஏரிவாரியம். கரை உடைந்தபின் அடைப்பதற்கு மட்டும் வாரியம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தூர்வாரிக் கரையைப் பேணுவதற்கே அது தேவைப்பட்டது. வருமுன் காத்தல் ஒரு தனிமனிதப் பண்பாக விடப்படாமல், ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினாலும் தொடரும் பொறுப்பாக அமைக்கப்பட்டிருந்தது.

அவ்வட்டாரத்தின் இன்றைய ஆட்டக்களத்தில் இத்தகைய தொடர்ச்சியே குறைவு. கால்பந்தும் கபடியும் ஆடும் இளைஞர் பலர் வேலை நாட்களில் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்கள். பொங்கலையொட்டி நடக்கும் ஒருநாள் போட்டிகளில் வெளியேற்று முறையில் ஒரே அணி காலை முதல் மாலை வரை நான்கைந்து ஆட்டம் ஆட நேர்கிறது. பல மாதம் ஓடாத கால், இறுகிய தரையில், ஒரே நாளில் இத்தனை சுமையை ஏற்கிறது. டூபோன் ஆய்வின் ஆட்டக்காரர்க்கு இரண்டு போட்டிகளுக்கிடையே சில நாட்களாவது இருந்தன. இவர்களுக்கு ஒரு மணி நேரமே உள்ளது. அடிபட்டால் கட்டு, சில வார ஓய்வு, வலி குறைந்ததும் மீண்டும் களம். முன்னர் அடிபட்ட தொடையோ முழங்காலோ மறு பருவத்தில் மீண்டும் அடிபடும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்பதைச் சுவீடன் ஆய்வுகள் காட்டியுள்ளன. தொழில்முறை ஆட்டக்காரருக்குக் காயம் ஒரு பருவத்தின் இழப்பு. சிற்றூர் இளைஞருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வழிக் கல்லூரி இடமோ வேலையோ கைநழுவும் இழப்பாகவும் அது ஆகிவிடுகிறது.

1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்க்குத் தொடர் பயிற்சி அளிக்கின்றன. ஒருவகையில் அவை பழைய பாசறையின் இடத்தை நிரப்புகின்றன. விடுதிக்குள் செல்லாத பெரும்பான்மையினருக்கு எஞ்சியிருப்பவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே. இருபது நிமிடப் பயிற்சியும், கருவி வேண்டாத நார்டிக் சாய்வும் அவர் கைக்கு எட்டாதவை அல்ல. பாடவேளை வேறு பாடத்திற்குப் பறிபோகாமல் இருந்தால் போதும். எந்தப் பள்ளி ஆசிரியரும் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.

வரலாற்று ஆய்வாளர்க்கு இங்கே செய்வதற்குப் பணி உள்ளது. பள்ளியில் வருகைப் பதிவேடு உண்டு, கோப்பைகளுக்கு அலமாரி உண்டு. காயப் பதிவேடு இருப்பதில்லை. ஆகவே சான்று மனிதரின் நினைவிலும் முழங்காலிலும் உள்ளது. முன்னாள் ஆட்டக்காரரிடம் வாய்மொழித் தரவு திரட்டும்போது வென்ற கோப்பைகளை முதலில் கேட்பது நம் வழக்கம். எந்த ஆண்டு, எந்தக் கால், அது அன்றைய எத்தனையாவது ஆட்டம், அதற்கு முந்தைய மாதத்தில் எத்தனை நாள் ஓடினீர்கள், யார் கட்டுப்போட்டது, எத்தனை நாளில் திரும்பினீர்கள் என்னும் வினாக்களையும் வினாநிரலில் சேர்த்தால், ஒரு தலைமுறையின் பயிற்சி வரலாறு அவ்விடைகளிலிருந்தே எழுதப்படக்கூடும்.